நடராசர் முதல் பொசைடன் வரை: 'ஆண்டிக்' வெண்கலச் சிலை நகல் வாங்குவது எப்படி

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் வழியாக நடந்தாலும் சரி, பினாங்கில் லெபோ பாசார் பக்கம் போனாலும் சரி, ஏதாவது ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் கரும்பழுப்பு நிறத்தில் ஒரு நடராசர் நிற்பார். வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் பழைய சாமான் சந்தைக்கோ, காலையில் பினாங்கு லோரோங் கூலிட்டுக்கோ போனால் அவருக்குப் பக்கத்திலேயே திரிசூலம் ஏந்திய கிரேக்கக் கடல் தெய்வம், கை இல்லாத வீனஸ், நுனிக்காலில் ஆடும் ரோமானிய வனதேவன் என்று எல்லாரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நிறம், எல்லாவற்றிலும் 'ஆண்டிக்' என்று ஒரு சீட்டு. அந்தச் சீட்டு மேற்பூச்சைப் பற்றியது, வயதைப் பற்றியது அல்ல. புதுமனை புகுவிழாப் பரிசாகவோ வீட்டு வரவேற்பறைக்கோ இப்படி ஒன்று வாங்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நகல் வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. நல்ல நகலை நகலுக்குரிய விலையில் வாங்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வயது விஷயத்தை முடித்துவிடுவோம். விற்பவர் குரலைத் தாழ்த்தி, "இது கோயில்ல இருந்தது, பூமிக்கடியில கிடைச்சது" என்று ஆரம்பித்தால் இரண்டில் ஒன்றுதான்: அவர் சொல்வது பொய், அல்லது அது திருட்டுச் சாமான். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்து திருடப்பட்ட சோழர் கால நடராசரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது; 2014-இல் அதை இந்தியாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நிபுணர்களை வைத்துக்கொண்டு வாங்கிய அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்த நிலை என்றால், சந்தையில் தார்ப்பாய் விரித்து விற்பவரின் கதையை நம்பி நாம் பணம் கொடுப்பதில் என்ன அர்த்தம்? தவிர, சிலைக்கு வயது ஏற்றுவது ரொம்பச் சுலபம். உப்பும் அமிலமும் தடவிச் சில வாரம் மண்ணில் புதைத்து எடுத்தால் பச்சைக் களிம்பும் வந்துவிடும், இடுக்குகளில் மண்ணும் ஒட்டிக்கொள்ளும். அந்த மண்ணைத்தான் விற்பவர் சாட்சியாகக் காட்டுவார்.

ஐரோப்பியச் சிலைகளில் மட்டும், நேர்மையாகவே பழைய நகல்கள் என்று ஒரு வகை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குச் சுற்றுலா போன வெள்ளைக்காரர்கள் நினைவுப் பொருளாக வாங்கி வந்தவை அவை. பொம்பெயி நகர அகழ்வில் 1830-இல் கிடைத்த ஆடும் வனதேவன் சிலையின் நகல்களை நேப்பிள்ஸ் நகர வார்ப்படச் சாலைகள் எக்கச்சக்கமாகச் செய்து விற்றன. அவற்றில் பெயர் பெற்ற கியுராட்சி 1870-இல் தொடங்கியது. பாரிஸில் பார்பெதியென் நிறுவனம், பெரிய சிலையை அதே விகிதத்தில் சிறிதாக்கும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. இப்படிப்பட்ட துண்டு நம் ஊர்ப் பழம்பொருள் கடைக்கு வந்து சேர வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் வார்ப்படச் சாலையின் முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். சிலையையே நகல் எடுப்பவருக்கு முத்திரையை நகல் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, எந்தச் சிலை? கடைக்குப் போகும் முன் மூலச் சிலையின் நல்ல படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சோழர் திருமேனிகள் என்றால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் தஞ்சாவூர் கலைக்கூடத்திலும் இருப்பவற்றின் படங்கள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். எழும்பூரில் உள்ள திருவாலங்காட்டு நடராசர் ஒன்று போதும், கண்ணுக்கு அளவுகோல் கிடைத்துவிடும்.

நடராசரை இப்படிப் பாருங்கள். மேல் வலக்கையில் உடுக்கை, மேல் இடக்கையில் தீ. கீழ் வலக்கை அபயம். கீழ் இடக்கை உடம்புக்குக் குறுக்கே வந்து, தூக்கிய இடப்பாதத்தைச் சுட்டும். வலக்கால், காலடியில் கிடக்கும் குள்ள அசுரன் முயலகன் மேல். வலக்காதில் மகர குண்டலம், இடக்காதில் தோடு. இந்தக் காதுதான் என் முதல் சோதனை, ஏனென்றால் அவசரமாகச் செய்பவர்கள் இரண்டு காதிலும் ஒரே வளையத்தை மாட்டிவிடுவார்கள். அடுத்தது கீழ் இடக்கை. மணிக்கட்டு தளர்ந்து, விரல்கள் தாமாகவே கீழே வழிவது போல இருக்க வேண்டும். மட்டமான நகலில் அது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி விறைத்து நிற்கும். அப்புறம் முயலகன். நல்ல வேலையில் அவனுக்கும் ஒரு முகம் இருக்கும், மிதிபடுகிறவனின் முதுகு வளைவு தெரியும். மலிவு வேலையில் அவன் ஒரு தலையணைதான். வலக்காலைத் தூக்கி ஆடும் நடராசரைப் பார்த்தால் உடனே 'தப்பு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மதுரை மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறித்தான் ஆடுகிறார். ஆனால் கால் மட்டும் மாறி இருக்க வேண்டும். உடுக்கை, தீ எல்லாம் இடம் மாறிக் கண்ணாடி பிம்பம் போல இருந்தால் யாரோ படத்தைத் திருப்பிப் போட்டுச் செய்திருக்கிறார்கள்.

பீடத்தையும், நடராசரைச் சுற்றி நிற்கும் சுவாலை வளையமான திருவாசியையும் விட்டுவிடாதீர்கள். பழைய திருமேனிகள் வீதியுலா போவதற்காகச் செய்யப்பட்டவை. அதனால் பீடத்தில் கழியும் கயிறும் கோத்துத் தூக்க வளையமோ துளையோ இருக்கும். நகலில் அந்தத் துளை இருந்தால் செய்தவர் மூலத்தைப் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். திருவாசி தனியாகக் கழற்றி மாட்டும்படி இருந்தால் இன்னும் நல்லது, துடைக்கவும் எடுத்துப் போகவும் வசதி. சுவாலைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், மூலங்களிலேயே எண்ணிக்கை மாறும்.

கிரேக்கச் சாமான்களில் வேறு மாதிரி வேடிக்கை. கை நீட்டி எதையோ எறியப் போகும் அந்தத் தாடிக்காரர் ஆர்ட்டெமிசியன் முனைக்கு அருகே கடலில் 1920-களில் கிடைத்தவர், ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். கையில் இருந்தது கிடைக்கவில்லை. இடி என்றால் அவர் சீயஸ், திரிசூலம் என்றால் பொசைடன். அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நகல் செய்பவர்கள் ஒரு திரிசூலத்தைச் சொருகிச் சண்டையை முடித்துவிட்டார்கள். மூலத்தில் கண் பதித்த இடம் வெறும் குழி. நகலில் வெற்றுக் கையும் குழிக்கண்ணும் இருந்தால் அது கவனமான நகல். வீனஸ் டி மைலோ மூலத்தில் பளிங்கு. ஆகவே வெண்கல வீனஸ் எப்படிப் பார்த்தாலும் பொருள் மாற்றிய நகல்தான், அதற்காகக் கூடுதல் காசு கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். வத்திக்கானில் உள்ள அப்போலோ பெல்வெதேரேயும் பளிங்குதான். காணாமல் போன ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்துச் செதுக்கியது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். பளிங்குக் கால் பாரம் தாங்காது என்பதால் பக்கத்தில் முட்டாக ஒரு மரத்தண்டு. வெண்கலத்துக்கு அந்த முட்டுத் தேவையே இல்லை. உங்கள் வெண்கல நகலில் மரத்தண்டு இருந்தால் அது நகலுக்கு நகல். பத்துமலையில் விற்கும் குட்டி 'வெண்கல' முருகனும் கிட்டத்தட்ட இதே கதைதான்: 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகனே காங்கிரீட்டின் மேல் பொன்வண்ணம் பூசியவர்தான். ஆசைக்கு வாங்கலாம், உலோகத்தைத் தேட வேண்டாம்.

இனி உலோகம். கடைக்காரர் பெருமையாக ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிக் காட்டுவார், ஒட்டாது. "பாருங்க பாஸ், ஒரிஜினல்." காந்தம் ஒட்டவில்லை என்றால் அது இரும்பு இல்லை, அவ்வளவுதான். வெண்கலத்திலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது, துத்தநாகம், அலுமினியம், அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்கான ரெசின் எதிலும் ஒட்டாது. அதைவிடக் கை நல்ல கருவி. குளிர்சாதனக் கடைக்குள் உலோகச் சிலையைத் தொட்டால் சில்லென்று இருக்கும், ரெசின் அப்படி இருக்காது. நகத்தால் தட்டுங்கள். ரெசின் 'டொக்' என்று செத்த ஒலி கொடுக்கும். வெண்கலத் தூளை ரெசினில் கலந்து அச்சில் ஊற்றும் சிலைகள் இப்போது நிறைய வருகின்றன. மேல்பக்கம் உண்மையான வெண்கலம் போலவே மின்னும், ஏனென்றால் அங்கே இருப்பது உண்மையான வெண்கலத் தூள். கிரேக்க, ரோமானிய உருவங்களில் பெரும்பகுதி இந்த வகைதான். அது என்ன என்று சொல்லி விற்றால் நல்ல சாமான்தான், விரல் நுணுக்கமெல்லாம் பிரமாதமாக வந்திருக்கும்.

அடுத்து அடிப்பக்கம். "அண்ணே, கொஞ்சம் கவுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தால் ஒரு மூலையைத் தூக்கச் சொல்லுங்கள், உள்ளே சிமெண்டோ மணலோ அடைத்து எடை ஏற்றியிருப்பார்கள். மறைவான ஓர் இடத்தில் ஏற்கெனவே கீறல் இருந்தால் அதைப் பாருங்கள்: மஞ்சளாகவோ சிவப்போடிய மஞ்சளாகவோ இருந்தால் பித்தளை அல்லது வெண்கலம், வெள்ளிச் சாம்பல் நிறம் என்றால் துத்தநாகத்தின் மேல் பூச்சு. பித்தளையா வெண்கலமா என்று கண்ணால் அடித்துச் சொல்வது கஷ்டம். ஐம்பொன் என்று சொல்லி விற்பவற்றிலும் பெரும்பங்கு செம்புதான். தங்கமும் வெள்ளியும் பெயருக்கு ஒரு துளி, அதுவும் கேட்டுச் செய்தால். அந்தத் துளிக்காகக் கடையில் ஏற்கெனவே வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் சிலைக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான சோதனை வாளிச் சோதனை. சமையலறைத் தராசில் முதலில் சிலையை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பாதியளவு தண்ணீர் உள்ள வாளியைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். சிலையைக் கயிற்றில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிட்டுப் பிடியுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் சிலையின் கன அளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதனால் வகுங்கள். சிலை 2,600 கிராம், தராசு காட்டியது 305 என்றால் விடை 8.5. பித்தளையும் வெண்கலமும் ஏறக்குறைய 8.4-க்கும் 8.9-க்கும் நடுவில் வரும், துத்தநாகம் 7.1-ஐ ஒட்டி, அலுமினியம் 2.7, ரெசின் எல்லாம் வெகு கீழே. உள்கூடான சிலை என்றால் தண்ணீருக்குள் சாய்த்துக் காற்றை வெளியேற்றிய பிறகு பாருங்கள், அடி மூடியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. மரப் பீடத்தைக் கழற்றிவிட வேண்டும். முடிந்ததும் முடி உலர்த்தியால் இடுக்கு இடுக்காகக் காயவையுங்கள். பில் போடும் முன்பே, "உலோகம் இல்லை என்றால் திருப்பித் தருவேன்" என்று பேசி வைத்துக்கொண்டால் இந்தச் சோதனைக்கு ஒரு பயன் இருக்கும்.

எப்படி வார்த்தார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் மெழுகில் உருவம் செய்கிறார்கள். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்து வடிவம் பிடித்து, மேலே காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே அந்த அச்சு ஒரு தடவைக்குத்தான். அதன் பிறகு உளியும் அரமும் வைத்து நாள்கணக்கில் வேலை. கண் திறப்பது கடைசியில். உத்தரப் பிரதேசத்து அலிகாரிலிருந்து வரும் பித்தளைச் சிலைகள் பெரும்பாலும் மணல் அச்சு வார்ப்பு, வேகமாக ஆகும், விலையும் குறைவு. அச்சு இரண்டு பாதியாகப் பிரிய வேண்டும் என்பதால் கைக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய சந்து அடைபட்டுப் போகும், இல்லாவிட்டால் கையைத் தனியாக வார்த்து ஒட்டியிருப்பார்கள். மணிக்கட்டு, தோள், சடை நுனி இந்த மூன்று இடத்திலும் ஒட்டு தெரிகிறதா பாருங்கள். பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு தலையிலிருந்து பீடம் வரை ஓடினால் அது அச்சின் விளிம்பு. கடையில் அதே சிலை மூன்று இருந்து, மூன்றிலும் அதே விரல் நுனியில் அதே சிறு பள்ளம் இருந்தால், கையால் மெழுகு பிடித்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. ரப்பர் அச்சில் மெழுகை ஊற்றி எடுத்துச் செய்கிறவர்களும் உண்டு, அது மெழுகு வார்ப்புதான், ஆனால் அதற்குக் கைவேலை விலை கேட்கக் கூடாது. முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் எல்லாரும் பார்த்துச் செய்வார்கள். உடை மடிப்பும் சடையும் பின்னால் எப்படி விழுகின்றன என்று யோசித்துச் செய்தவர் வேலைக்காரர்.

நிறத்துக்கு வருவோம். கந்தகச் சேர்மம் தடவினால் பழுப்பும் கறுப்பும் வரும், செம்பு உப்புகள் பச்சை தரும். இதெல்லாம் முறையான வேலை, சூடு காட்டிச் செய்தால் உலோகத்தோடு பிடித்துக்கொள்ளும். வெறும் பெயிண்ட் அடித்ததும் உண்டு. நகப்பூச்சு நீக்கியில் பஞ்சைத் தொட்டு, சிலையின் உட்புறத்தில் மறைவாக ஓர் இடத்தில் மட்டும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் பச்சையோ பழுப்போ வந்தால் பெயிண்ட். லேசான மஞ்சள் பிசுக்கு மட்டும் வந்தால் அது மேலே பூசிய லாக்கர் எனும் பாதுகாப்பு வார்னிஷ், கவலை இல்லை.

பேரம் பேசும்போது எடையைக் கேளுங்கள். பித்தளைச் சிலைகளைப் பல கடைகளில் கிலோ கணக்கில்தான் விலை போடுவார்கள். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பக்கத்துக் கடையோடு ஒப்பிடுவது சுலபம். மெழுகு வார்ப்புக் கைவேலைக்குக் கிலோக் கணக்கு பொருந்தாது, அங்கே விலைக் கழிவு கேட்பதைவிட யார் செய்தது என்று கேட்பது நல்லது. பதில் சொல்லத் தெரியாதவரிடம் கைவேலை விலை கொடுக்காதீர்கள். ரசீதில் 'புதிய நகல்' என்று எழுதி வாங்குங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது வாங்கி வரலாம் என்று நினைப்பவர்களுக்கு இது முக்கியம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் வெளியே கொண்டுபோக இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. உங்களுடையது போன மாதம் வார்த்ததாக இருக்கலாம், ஆனால் பழமை நிறம் ஏற்றிய நடராசரை எக்ஸ்ரேயில் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரியாது. இந்தியத் தொல்லியல் துறை, 'இது தொல்பொருள் அல்ல' என்று சான்றிதழ் தரும். வாங்கும் இடத்திலேயே, "மலேசியாவுக்குக் கொண்டுபோகிறேன், சான்றிதழ் வாங்கித் தருவீர்களா?" என்று கேளுங்கள். ஊர் திரும்பும் கடைசி நாளில் வாங்கினால் அதற்கு நேரம் இருக்காது. பளபளப்பான புது மெருகோடு இருப்பதை வாங்கினால் சந்தேகம் குறையும். கட்டும்போது திருவாசியைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். தூக்கிய காலுக்கும் கைகளுக்கும் நடுவில் இருக்கும் சந்துகளில் துணியைத் திணிக்க வேண்டும், வெளியே மட்டும் சுற்றினால் போதாது.

வாங்கியாயிற்று, இனி நம் ஊர் ஈரம். கோலாலம்பூரில் பெரும்பாலான நாள்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. பினாங்கில் கடற்கரை வீடு என்றால் உப்புக் காற்று வேறு. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருக்கும் பச்சைக் களிம்பு சிலையைக் கெடுக்காது. ஆனால் வெளிர் பச்சையில், தொட்டால் மாவு மாதிரி உதிரும் புள்ளிகள் வந்தால் அது வேறு சமாசாரம். குளோரைடு உப்பு உள்ளே இருந்து ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கிறது, துடைத்தாலும் திரும்ப வரும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, வடித்த நீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, முழுக்க உலர்த்தி, மெழுகு பூசுங்கள். அதன் பிறகு கண்ணாடி அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சிலை பக்கத்தில் மீன்தொட்டி வேண்டாம்.

தினசரிக்கு உலர்ந்த துணியும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். புளி, எலுமிச்சை, சாம்பல், பிராசோ போன்ற மெருகுத் திரவம் எதையும் பழமை நிறமுள்ள சிலைக்குக் கிட்டே கொண்டுவராதீர்கள், ஒரே தேய்ப்பில் நிறம் போய்ப் பித்தளை இளிக்கும். தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது அம்மாவோ உதவிக்கு வருபவரோ ஆசையாகத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஆண்டுக்கு ஓரிரு தடவை முடி உலர்த்தியால் சிலையைக் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, நிறமில்லாத மெழுகை மிக மெல்லிசாகத் தடவி, ஆறிய பிறகு துணியால் தேய்த்துவிடுங்கள்.

வீட்டில் நடராசர் வைக்கலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் வரவில்லை, அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சாமி மேடையில் வைத்து அபிஷேகம் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஆண்டிக் நிறச் சிலை வேண்டாம். பாலும் பஞ்சாமிர்தமும் பூச்சைக் கரைக்கும், என்ன ரசாயனம் தடவினார்கள், எவ்வளவு காரீயம் கலந்தார்கள் என்று தெரியாத சிலையில் ஊற்றிய பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவும் கூடாது. பூசைக்குப் பூச்சில்லாத சிலையாக, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். அதைப் புளி போட்டுத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது. விபூதியும் குங்குமமும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதனால் மறுநாள் துடைத்துவிட வேண்டும்.

கீழே விழுந்து திருவாசியில் ஒரு சுவாலையோ ஒரு விரலோ ஒடிந்துவிட்டால் நேரே வெல்டிங் கடைக்கு ஓடாதீர்கள், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள நிறம் முழுக்கப் போய்விடும். ஒடிந்த துண்டைக் கழுவி உலர்த்தி, இரண்டு பாகமாக வரும் எபோக்சி பசையில் பழுப்பு நிறப் பொடியைத் துளி கலந்து ஒட்டி, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள். ரெசின் சிலைக்கும் இதே வேலைதான். பெரிய சிலையில் கணுக்கால் விரிசல் விட்டிருந்தால் மட்டும் உலோக வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், நிறத்தைப் பிறகு திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.